துடைத்துவிட்ட தூசி

கேமராவை உன் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டேன். நீ அதைச் சுற்றி வைக்கும் கறுப்பு பனியன் துணி மட்டும் என் பைக்குள் தங்கிவிட்டது. இன்று சார்ஜரைத் தேடிக் கையை விட்டபோது அது வெளியே வந்தது. நிட்டிங் மெஷினுக்கு விடுகிற எண்ணெயின் வாசம் அதில் இன்னும் இருக்கிறது. உன் சட்டையில், பைக் சீட்டில், நீ குடித்து வைத்த டீ கிளாஸில்கூட இருந்த வாசம். உன்னைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துத் தள்ளிப்போட்டேன். துக்கம் மட்டும் என்றால் எப்போதோ எழுதியிருப்பேன். வெட்கத்தோடு எழுதுவது கடினமாக இருக்கிறது.

திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் நீ ஃபிட்டராக இருந்த நிட்டிங் கம்பெனியில்தான் முதலில் பார்த்துக்கொண்டோம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களை விரட்டி முடிக்கிற மெர்ச்சண்டைசர் என்ற தோரணையோடு, துணி ஏன் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட வந்தேன். நீ மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாய்.

"சத்தம் போட்டீங்கன்னா இன்னும் நாலு ஊசி ஒடையும். ஒடஞ்சதத்தான் மாத்தீட்டிருக்கேன். அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றாய்.

ஸ்டூலில் உன் போன் கிடந்தது. திரையில் நிலா. பள்ளம் பள்ளமாகத் தெரிகிற நிலா. யார் எடுத்தது என்று கேட்டேன். பைனாகுலரில் போனை ஒட்டி வைத்து நீயே எடுத்ததாகச் சொன்னாய். என் அறையில் அப்பா வாங்கிக் கொடுத்த டெலஸ்கோப் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. அன்று சாயந்திரம் துணியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

டெலஸ்கோப் என்னுடையது. அதற்காக நான் செய்தது, அப்பாவிடம் கேட்டது மட்டும். கேமரா உன்னுடையது. பெங்களூரில் ஒருவர் பயன்படுத்தி விற்ற, தன்னைத்தானே குளிரூட்டிக்கொள்ளும் கேமரா. அதற்காக ஒரு வருஷம் டபுள் ஷிப்ட் பார்த்தாய். திருப்பூர் வானத்தில் கம்பெனி விளக்குகளைத் தவிர எதுவும் தெரியாது என்பதால், மடத்துக்குளம் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் எல்லாவற்றையும் பொருத்தி நிறுத்தினோம். மேல் தகரத்தைத் தள்ளினால் முழு வானமும் கிடைக்கும்.

நெபுலா என்கிற விண்மேகங்களின் வெளிச்சம் மிகவும் குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் பல நிமிஷம் கேமரா திறந்தபடி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அதன் சென்சார் சூடானால் படம் முழுக்கப் பொய்ப் புள்ளிகள் விழும். அதனால்தான் உறைநிலைக்குக் கீழே குளிர்விக்கிறோம். அப்படியும் மிஞ்சுகிற புள்ளிகளைக் கழிப்பதற்கு, மூடியைப் போட்டு, அதே குளிரில், அதே நேர அளவுக்கு இருட்டைப் படம் எடுக்க வேண்டும். இந்த இருட்டுப் படங்களை நீ வேலம்பாளையத்தில் உங்கள் லைன் வீட்டில், பகலில் எடுத்தாய். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் கேமரா தேவையான குளிருக்கு இறங்கவில்லை. துணியைச் சுற்றி, வயரை வெளியே விட்டு, அதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மூடிவிட்டாய்.

"இட்லி மாவு வெளிய கெடந்து பொங்குது. கேமரா உள்ள ஏசில இருக்குது" என்று உன் தங்கை கத்தினாள்.

"மாவு புளிச்சா தோசை ஊத்திக்கலாம். இது புளிச்சா என்ன பண்றது?"

"உன்னயத் தூக்கி உள்ள வெக்கோணும்."

ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மாலை வரை நீ யாரையும் திறக்கவிடவில்லை. உன் அம்மா எனக்கு எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார். அண்டை வீட்டில் ஐஸ் கேட்டு வாங்கிப் போட்ட மோர்.

நம்முடைய பெரிய தப்பு நடந்தது முதல் குளிர்காலத்தில். கேமராவின் கண்ணாடியில் தூசி இருந்தால் படத்தில் அது வட்ட நிழலாக விழும். அதைக் கழிப்பதற்கு விடியற்காலையில் டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, வெளுக்கிற வானத்தைப் பார்த்துப் படம் எடுப்போம். ஏற்றுமதியில் தள்ளிவிட்ட வெள்ளை டீஷர்ட் நமக்கா கிடைக்காது? வெறும் வெள்ளையில் தூசி நிழல் மட்டும் பதியும். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தால் வகுத்தால் நிஜப் படத்திலிருந்து நிழல் போய்விடும். நிபந்தனை ஒன்றுதான்: இரவில் தூசி எங்கே இருந்ததோ, காலையிலும் அங்கேயே இருக்க வேண்டும்.

அன்று துணி கட்டுவதற்கு முன்னால் நீ கேமராவைக் கழற்றிப் பார்த்தாய். கண்ணாடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நிட்டிங் ஹாலில் பஞ்சைக் கண்டால் அந்த நிமிஷமே எடுத்தாக வேண்டும், விட்டால் துணியில் ஏறிவிடும். உன் கை யோசிக்கவில்லை. ஊதி, பிரஷ்ஷால் தட்டி, பளபளவென்று ஆக்கி மாட்டிவிட்டாய். கம்ப்யூட்டரில் வகுத்துப் பார்த்தபோது இரவெல்லாம் எடுத்த படத்தில் அத்தனை வட்டங்களும் அப்படியே உட்கார்ந்திருந்தன. நீ நெற்றியில் அடித்துக்கொண்டாய்.

"கை பழக்கம்டா. பஞ்சப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டீங்குது. வேற எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பப் பண்ணியிருக்க மாட்டான்."

அதற்குப் பிறகு நீ அடிக்கடி சொன்னது: "அழுக்க இருக்கிற மாதிரியே எடுக்கோணும். அப்பத்தான் அது போகும்."

அப்பா உன்னைப் பற்றி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "பையன் யாரு?" எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் உன் கம்பெனி பேரைச் சொன்னேன். அவர் வேறு யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். அடுத்த வாரமே திருப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு கட்டுக் காகித கப் வந்து சேர்ந்தது. எனக்குப் பீங்கானில் காபி, உனக்குக் காகிதத்தில். நீ கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அம்மா உள்ளே போனதும், "உங்க ஊட்டுல ஃபாரின் பையர் வந்து ஆடிட் வெச்சா சுத்தத்துக்கு முழு மார்க்கு" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய் என்பதால் விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

கடைசியாக எடுத்தது குதிரைத்தலை நெபுலா. செக்கச் சிவந்த ஒளிக்கு முன்னால் கறுப்பாக நிற்கிற தூசி மேகம். "இதப் போயி குதிரங்கறான். எங்க தெரு நாயி மூஞ்சி மாதிரியே இருக்குது" என்றாய். குளிர்காலம் முழுக்க, லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். கேமராவை ஒரு முறைகூடக் கழற்றவில்லை. எல்லாம் முடிந்த அன்று காலை வெள்ளைத் துணி கட்டிப் படம் எடுப்பது மட்டும்தான் பாக்கி. உனக்குக் காய்ச்சல் அடித்தது. மோட்டார் ரூம் கட்டிலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாய். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். யாரும் தொடாமல் இருந்தால் ஒரு மாதம் கழித்துக்கூட எடுக்கலாம். தூசி எங்கே போகப்போகிறது?

அந்தக் காய்ச்சலோடு நீ ஷிப்டுக்குப் போனாய். மெஷின் நின்றால் கம்பெனிக்கு நஷ்டம். ஃபிட்டர் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை, இன்னொருவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அது உனக்குத் தெரிந்ததால் போனாய். ஒரு வாரத்துக்குள் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். டெங்கு என்றார்கள்.

உன் காரியமெல்லாம் முடிந்து, அந்தப் படத்தையாவது முடித்து உன் வீட்டில் கொடுக்க வேண்டும் என்று தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூம் வாசலிலேயே டெட்டால் நெடி. கட்டிலைக் காணோம். தரை கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. டெலஸ்கோப்பை உள்ளும் புறமும் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். கேமராவைக் கழற்றி, அதன் கண்ணாடியையும் துடைத்து, உன் துணியிலேயே சுற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். பளிச்சென்று இருந்தது.

அப்பா தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "காய்ச்சக்காரன் படுத்த எடம். ஒட்டுவாரொட்டி ஏதாச்சும் இருந்தா? அதான் கழுவியுடச் சொன்னேன்" என்றார்.

டெங்கு கொசுவால் வருகிறது. அது அப்பாவுக்கும் தெரியும். முந்தைய வருஷம் தோட்டத்தில் இருந்தபோது டைபாய்டு வந்து நான் அதே கட்டிலில் கிடந்தேன். நான் எழுந்த மறுநாள் அப்பா அதில்தான் மத்தியானத் தூக்கம் போட்டார். இதெல்லாம் அங்கே நிற்கும்போதே என் நினைவுக்கு வந்தது. கழுவச் சொன்னது எங்கள் ஜனம். கழுவியது தோட்டத்தில் கூலிக்கு வருகிற உங்கள் ஜனம். நான் "சரிங்ப்பா" என்று சொல்லிவிட்டு கேமராவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படித்தவன், கம்பெனியில் யாரிடமும் சத்தம் போடத் தெரிந்தவன். என் வாயிலிருந்து வந்தது "சரிங்ப்பா."

படத்தில் வட்டங்கள் நிற்கின்றன. மேலே ஒரு கொத்து, குதிரையின் கழுத்துக்குப் பக்கத்தில் பெரிதாக ஒன்று. தூசியே போய்விட்டது, வட்டத்தைக் கழிப்பதற்கு இனி வழி இல்லை. மென்பொருளில் பக்கத்து வானத்தை எடுத்து ஒட்டி மறைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறைத்தும் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது. அதை உன் தங்கையிடம் கொடுத்தால் அவள் எதையும் கேட்கப்போவதில்லை, நானும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டில் முதலில் டெட்டாலால் கழுவினார்கள், இப்போது நான் மௌஸால் கழுவுகிறேன். அந்தக் கோப்பை அழித்துவிட்டு, வட்டங்கள் இருக்கிற படத்தையே பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டேன்.

வேலம்பாளையத்தில் உன் தங்கை ஓவர்லாக் மெஷினில் தைக்கிற ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் பஞ்சு. கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். படத்தைச் சுவரில் சாய்த்து நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்ணா. இதென்ன, அங்கங்க வட்டம் வட்டமா?"

"தூசி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"காய்ச்சல்னு கழுவுனாங்களா, எங்காளுகன்னு கழுவுனாங்களா?"

"காய்ச்சல்னு சொன்னாங்க."

"நான் என்ன சொன்னாங்கன்னு கேக்கலீங்ணா."

சரிந்த படத்தை நேராகச் சாய்த்து வைத்தேன்.

"அப்ப நீங்க என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

உள்ளேயிருந்து உன் அம்மா, "யாரு கண்ணு வந்திருக்கறது?" என்றார். "அண்ணனோட பிரண்டுங்மா, கெளம்பறாரு" என்றாள். பிறகு படத்தை நான் கொண்டுவந்த பேப்பரிலேயே திரும்பச் சுற்றினாள். கோபப்படவில்லை. மடித்த துணியைக் கட்டுக் கட்டுகிற மாதிரி நிதானமாகச் சுற்றினாள்.

"கேமரா எங்கண்ணன் சம்பாரிச்சது. அது இங்க இருக்கட்டும். இந்த வட்டம் உங்க ஊட்டுதுங்ணா. நாங்க எதுக்கு மாட்டிப் பாக்கோணும்? உங்க ஊட்டுல மாட்டுங்க. யாராச்சும் கேட்டா எங்கிட்ட இப்பச் சொன்னீங்கள்ல, அதச் சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா ஒடச்சுப் போட்டுருங்க. இங்க மட்டும் மறுக்கா கொண்டாராதீங்க."

மாட்டினேன். ஹாலில், டிவிக்கு மேலே. சில நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு தாராபுரத்து மாமா கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்து, "இதென்ன மாப்ள, கறை கறையா?" என்று என்னிடம் கேட்டார்.

"லென்சுல தூசிங்க மச்சான்" என்று அப்பா முந்திக்கொண்டார்.

சபையில் பேசுவது போல ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஒரு மாமாவும் ஒரு தட்டு முறுக்கும்தான். ஆனாலும் எழுந்து நின்றுகொண்டேன். "தூசி இருந்திருந்தா வட்டம் வந்திருக்காதுங் மாமா. அத அப்பா கழுவச் சொல்லிட்டாரு" என்று ஆரம்பித்தேன். உன் பேரைச் சொன்னேன். உன் ஆட்கள் யார் என்பதையும், கட்டில் போனதையும், எனக்கு டைபாய்டு வந்தபோது அது போகாததையும் சொன்னேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மாமா முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு, நேரமாகிறது என்றார்.

அப்பா அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்தார். "ஊட்டு சமாச்சாரத்த ஊருக்குச் சொல்லோணுமா?"

"சொல்லோணுங்ப்பா."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. காலையில் நான் பல் விளக்கி வருவதற்குள் படம் இறங்கி, முகம் சுவரைப் பார்த்தபடி சோபாவுக்குப் பின்னால் நிற்கிறது. சாயந்திரம் கம்பெனியிலிருந்து வந்து எடுத்து மாட்டுகிறேன். இதைப் போய்த் தைரியம் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ள மாட்டேன். நீ இருந்தபோது ஒரு டம்ளர் மாற்றிக் கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது செய்வதெல்லாம், ஒரு படத்தை ஏற்றுவது மட்டும்தான்.

ஏற்றி இறக்கி ஏற்றி ஆணி ஆடுகிறது. நேற்று சுவர்க் காரை பெயர்ந்து டிவி மேல் கொட்டியது. அம்மா அதைப் பார்த்தார், கூட்டவில்லை. நாளை வரும்போது இதைவிட நீளமான ஆணியாக ஒன்று வாங்கி வருகிறேன்.