உன் கைக்கு வந்த மீன்

நேற்றுக் காலை ஏழேகாலுக்கு, எல்லாப் பக்கமும் ஆலோசித்த பிறகு, என் கைக்கடிகாரத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக் கட்டுவது என முடிவெடுத்தேன். இடது கை என்பது கல்லூரி நாளிலிருந்து நடைமுறையில் இருந்த ஏற்பாடு. வீட்டில் முறைப்படி அறிவித்தேன். மனைவி தோசைக் கரண்டியோடு வந்து கேட்டுவிட்டு உள்ளே போனாள். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. கழற்றிய வாரில் உப்புத் தண்ணீர் வாடையும் இறால் வாடையும் அடித்தன. அது உன் கடையின் வாடை. அதனால் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

குழாயில் நாள் கணக்கில் தண்ணீர் வராத திண்டுக்கல்லில் நீ கடல் வளர்த்தாய். தூத்துக்குடியிலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வரும் வண்டியிலேயே உன் வண்ணமீன் கடைக்குக் கேன்களில் கடல் தண்ணீரும் வரும். மற்ற தொட்டிகள் விற்பனைக்கு; கல்லாவை ஒட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டி மட்டும் உனக்கு. அதில் ஒரு மஞ்சள் மீன், இரண்டு கோமாளி மீன்கள், அவற்றுக்கு ஊழியம் செய்ய விரல் நீளத்தில் ஒரு துப்புரவு மீன். நீல உடம்பு, மூக்கிலிருந்து வால் வரை கறுப்புக் கோடு. அது மேலும் கீழுமாக ஒரு ஆட்டம் ஆடினால் பெரிய மீன் வந்து அசையாமல் நிற்கும். வாயைத் திறக்கும், செவுளைத் தூக்கிக் கொடுக்கும். இது உள்ளே புகுந்து, மீன் உடம்பில் ஒட்டியிருக்கும் பேனையும் செத்த தோலையும் கொத்தித் தின்றுவிட்டு, விழுங்கப்படாமல் வெளியே வரும்.

"ஏலே, உண்மையில இதுக்குப் பேன் அம்புட்டாப் பிடிக்காது" என்றாய் ஒருநாள். "மீன் மேல வழுவழுன்னு இருக்குல்ல, அந்தச் சளிதான் பிடிக்கும். அடுத்த மீனு பாத்துக்கிட்டு நின்னா ஒழுங்கா பேன் எடுக்கும். யாரும் இல்லேன்னா நறுக்குன்னு ஒரு கடி."

"எங்க ஆபீசுல வேலைக்குச் சேக்கலாம்" என்றேன். நீ சிரித்தாய். அந்த நக்கலில் எனக்கும் பங்கு உண்டு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

கன்னிவாடியிலிருந்து பண்ணைக்குட்டைக்காரர் ஒருவர் வந்தது நினைவிருக்கிறதா? அவருடைய கட்லா மீன்களுக்குப் பேன். குளிர் நாடுகளில் கடலுக்குள் கூண்டு கட்டிச் சால்மன் வளர்ப்பவர்கள், பேன் தின்னவென்றே இப்படிப்பட்ட சின்ன மீன்களைக் கூண்டில் விடுகிறார்களாம், செல்போனில் பார்த்திருக்கிறார். "அதுல அம்பது குடுங்க" என்றார்.

"அப்பு, அது கடல் மீனு. உங்க குட்டையில விட்டா அன்னைக்கே மிதக்கும்."

"கொஞ்சம் உப்பு போட்டுக்கிறேன்."

"உப்பு போட்டா உங்க கட்லா மிதக்கும். வேணும்னா கொழம்பு வைக்கலாம்."

அவர் போன பிறகு, அந்தக் கூண்டுகளிலும் ஊழியம் செய்யும் மீன்கள் நிறையச் சாகின்றன, அதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை என்று நீ சொன்னாய்.

உன் மீனுக்கும் சிக்கல் இருந்தது. வாடிக்கையாளர் மூன்றே பேர். அவர்களிடம் பேன் தீர்ந்துவிட்டது. தூவுகிற இரையை அது தொடாது. ஒருநாள் தொட்டி துடைக்கக் கைவிட்டபோது நேராக உன் இடது புறங்கைக்கு வந்தது. சொரியாசிஸ் வந்து தோல் செதில் செதிலாகப் பூத்திருந்த கை. கொத்திப் பார்த்தது, போகவில்லை. மறுநாளிலிருந்து இறாலை விழுதாக அரைத்து அங்கே தடவி, மாலை ஆறு மணிக்குக் கையை நீட்டி ஊட்டத் தொடங்கினாய்.

அந்தக் கையை அப்படித் தேடி வந்தவர்கள் குறைவு. ஒரு கல்யாணத்துக்காக வத்தலக்குண்டு பேருந்தில் நாம் போனபோது, உன் பக்கத்திலிருந்தவர் உன் கையைப் பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். "நல்லதாப் போச்சுலே, சன்னலோரம் கெடச்சிருச்சு" என்று நகர்ந்து உட்கார்ந்தாய்.

நான் அவரைப் போல அல்ல. டீக்கடையில் நாலு பேர் முன்னால், அது ஒட்டாது என்று மருத்துவக் காரணங்களோடு விளக்கியவன். உன் தோளில் கைபோட்டு நின்றவன். பிறகு ஒவ்வொரு மாலையும் விடைபெற்று, கடைவாசல் போர்வெல் குழாயில் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு பேருந்து ஏறியவன். அந்தக் குழாயடியில் எப்போதும் ஒரு சோப்பு இருந்தது. அந்தக் கடைத்தெருவின் சுகாதார உணர்வை நான் மனதுக்குள் மெச்சியதுண்டு.

நெஞ்சுவலியில் நீ போய்ச் சேர்ந்து பத்து நாளாகிறது. முந்தாநாள் உன் மனைவி போன் செய்தார். "அண்ணே, மத்ததெல்லாம் திங்குது. அந்தச் சின்ன மீனு மட்டும் வயிறு ஒட்டிப்போய்க் கெடக்கு. எனக்குக் கைவிட ஏலல. தொட்டியப் பாத்தா அவுக கைதான் தெரியுது. நீங்க வாரீங்களா?"

போனேன். பொறுப்புள்ளவனாக முதலில் குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். விழுதைத் தடவி, உன்னைப் போல இடது கையை விட்டேன். மீன் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கால் மணி நேரம் நின்றும் வரவில்லை.

"சோப்புப் போட்டா விட்டீக?" என்றார் அவர். "அதுக்கு ஆகாதுண்ணே. கடியாரம் வேற மின்னுது."

"வாசல்ல சோப்பு இருந்துச்சு, போட்டேன்."

"அது உங்களுக்குன்னு வச்சதுதான். கரைஞ்சு போச்சுன்னா ஒடனே சொல்லுவாக. 'அவன் ஆறரை பஸ்ஸுக்குள்ள கழுவணும், புதுசு எடுத்து வையி'ம்பாக."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் தொட்டிக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

எத்தனை வருடம், எத்தனை சோப்புக் கட்டி. ஒருமுறைகூட நீ வாய்திறக்கவில்லை. ஊரில் எல்லோரையும் நக்கலடிப்பவன், என்னை விட்டுவிட்டாய்.

நேற்று மாலை வெறும் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு போனேன். இடது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அங்கிருந்து விரல் வரை விழுதைத் தடவிக் கையை இறக்கி, உன்னைப் போல அசையாமல் வைத்திருந்தேன். பாறைக்குப் பின்னாலிருந்து முதலில் கறுப்புக் கோடு தெரிந்தது. நின்றது. மேலும் கீழுமாக ஆடியது. பிறகு வந்து, கடிகாரம் இருந்த வெளுத்த இடத்தில் முதல் கொத்துக் கொத்தியது. வலிக்கவில்லை. உன் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்குதா?" என்று கேட்டார். "திங்குது" என்றேன்.

இனி தினமும் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, குழாயடியில் நிற்காமல் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

வீடு திரும்பும் வத்தலக்குண்டு பேருந்தில் என் பக்கத்திலிருந்தவர் மூக்கைச் சுளித்து, என் கையைப் பார்த்துவிட்டு, எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். நான் சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.