கதிர் வில்லனான சீசன்

மார்ச் 1, 2025, சனி

ஜெயித்தாயிற்று! சீசனின் முதல் ஆட்டம். ஆஸ்டின்காரிகளை 22–16 என்று அனுப்பி வைத்தோம். டெக்ஸஸ் பெண்கள் ரக்பி லீகில் மொத்தமே நாலு அணிதான். அதனால் என்ன, மாநிலப் போட்டி மாநிலப் போட்டிதான்.

நான் ஒட்டன்சத்திரத்துக் கபடி கார்னர், ஓரத்தில் நின்று பாடி வருகிறவளைப் பிடிக்கிறவள். கணுக்காலைக் கண்டால் கை தானாகப் போகும். அதைப் பார்த்துத்தான் எங்களோடு களத்திலும் ஆடுகிற கோச் மெலே என்னை அணியில் சேர்த்தாள். டோங்கா நாட்டுக்காரி, யூலெஸ்ஸில் வீடு, ஏர்போர்ட்டில் வேலை, தொண்டை மட்டும் ஒலிபெருக்கி. எனக்குப் பிடிப்பதில் பிரச்சினையே இல்லை, விடுவதில்தான். கபடியில் பிடித்த ஆளை விட்டால் மானம் போய்விடும். இங்கே ஆள் விழுந்ததும் ரெஃப்ரி 'ஹெல்ட்' என்று கத்துவார், அந்த நொடியே விட்டுவிட்டு எழ வேண்டும். விழுந்தவள் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடர்வாள். நான் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதற்கு மூன்று பெனால்டி.

"கே, ஷி இஸ் நாட் யுவர் பர்ஸ்" என்றாள் மெலே, கயல் என்ற என் பெயரைச் சுருக்கி; அவள் உன் கைப்பை இல்லை, விடு என்று அர்த்தம். அணியே சிரித்தது. சிரிக்கட்டும். கடைசி ஐந்து நிமிஷம் யார் பக்கம் ஒரு கொசுகூடத் தாண்டவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

வியாழக்கிழமை அத்தை வருகிறார். என் கணவன் கதிரின் அம்மா, வசந்தாமணி. பொள்ளாச்சியிலிருந்து நேரே பிளானோவில் எங்கள் வீட்டுக்கு, ஆறு மாதம்.

ரக்பி விஷயத்தைச் சொல்லப்போவதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் முழங்கால் தழும்பைப் பார்த்துவிட்டு, "இனிமேல் இந்த வெளையாட்டெல்லாம் வேண்டாங்கண்ணு" என்றவர். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். இப்போது சொன்னால் திட்டமாட்டார், அழுவார். அது இன்னும் கஷ்டம்.

அத்தை கேட்டால் சொல்ல வேண்டியதைக் கதிரிடம் சொல்லிவிட்டேன்: பயிற்சி இருக்கிற செவ்வாய், வியாழன் யோகா. ஆட்ட நாளான சனிக்கிழமை ஆபீஸில் டிப்ளாய்மெண்ட், புது சாஃப்ட்வேரை ஏற்றுகிற வேலை. "இவ்ளோ டிப்ளாய்மெண்ட் எந்தக் கம்பெனிலயும் நடக்காது" என்றான். அத்தைக்கு அது தெரியாதே.

மார்ச் 15, சனி

ஹூஸ்டனிடம் தோல்வி, 12–18. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் டெஸா என்ற ஒரு பெண், ஆளைப் பார்த்தால் நூலகத்தில் வேலை செய்பவள் மாதிரி இருக்கிறாள், கையைப் பிடித்தால் இடுக்கி. என் இடது மேல்கையில் நாலு விரலும் அப்படியே பதிந்திருக்கிறது. நானும் அவளைச் சும்மா விடவில்லை. அதற்கும் ஒரு பெனால்டி.

இன்னொரு முறை இப்படிப் பிடித்துக்கொண்டு கிடந்தால் பெஞ்சில் உட்காரவேண்டியதுதான் என்று மெலே சொல்லிவிட்டாள். பார்க்கலாம்.

மார்ச் 17, திங்கள்

இட்லி மாவு கரைக்கும்போது சட்டைக் கை மேலேறிவிட்டது. "இதென்ன கண்ணு?" என்றார் அத்தை. கார் கதவு இடித்துவிட்டது என்றேன். கார் கதவுக்கு நாலு விரல் இருக்குமா என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று சான் அன்டோனியோவில் வெற்றி. கண்ணோரத்தில் ஒரு முழங்கை. இன்று காலை வீங்கி ஊதா நிறமாகிவிட்டது. கிச்சன் கேபினெட் என்றேன். அத்தை ஒன்றும் பேசாமல் ஐஸ் எடுத்துக் கொடுத்தார். பிறகு கதிரை ஒரு பார்வை பார்த்தார். பாவம், அவன் பாட்டுக்குத் தோசை தின்றுகொண்டிருந்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். எனக்கு நெய்த் தோசை. அவனுக்கு வெறும் தோசை. இன்னொன்று கேட்டதற்கு, "மாவு தீந்துபோச்சு" என்றார். மாவு பாத்திரம் நிறைய இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நாகலக்ஷ்மி ஆன்ட்டி வந்திருந்தார். மயிலாப்பூர்க்காரர், பக்கத்துத் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். கோயிலில் அத்தைக்குப் பழக்கமாகிவிட்டார். காபி குடித்தார்கள். அத்தை ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து உள்ளே போனார். ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் போனைக் குடும்மா. ஒரு ஹெல்ப்லைன் நம்பர் சேவ் பண்ணித் தரேன். தமிழ்லயே பேசுவா. எப்ப வேணாலும் கால் பண்ணலாம், பயப்படாதே."

எதற்கு என்று கேட்கவிருந்தேன். அவர் பார்வை என் கண்ணோரத்தில் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. கதிர் என்னை அடிக்கிறான் என்று நினைக்கிறார்கள்! கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் தம்ளரில் பிடித்து வெளியே விடுகிற கதிர்!

சாயங்காலம் காரில் வைத்து அவனிடம் சொன்னேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுமா நம்பறாங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை.

இன்றே சொல்லிவிடலாம் என்றேன். அவன்தான் வேண்டாம் என்றான். "இன்னும் மூணு வாரந்தானே கயல். இப்ப சொன்னா அழுது உன்னைப் போகவிடாம பண்ணிடுவாங்க. ஃபைனல் முடியட்டும். அதுவரைக்கும் நான் வில்லனா இருந்துட்டுப் போறேன்."

நானும் சரி என்றேன். கொஞ்சம் சீக்கிரமாகவே சரி என்றுவிட்டேனோ?

ஏப்ரல் 12, சனி

ஃபைனலுக்குப் போகிறோம்! ஆஸ்டினை அவர்கள் மைதானத்திலேயே 20–10. இந்த ஆட்டத்தில் நான் ஒரு பெனால்டிகூடக் கொடுக்கவில்லை. 'ஹெல்ட்' என்றதும் கையை விரித்து ரெஃப்ரியிடம் காட்டிவிட்டுத்தான் எழுந்தேன். நெருப்பைத் தொட்ட மாதிரி விட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பலித்தது. ஃபைனலில் முதல் பதின்மூன்று பேரில் என் பெயர் உறுதி. இருபத்தாறாம் தேதி ஹூஸ்டனுடன், அவர்கள் ஊரிலேயே. டெஸாவைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள், தமிழ்ப் புத்தாண்டு

இதை எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் நானும் கதிரும் மட்டும் கோயிலுக்குப் போனோம், அத்தை வரவில்லை. அங்கே வழக்கமாக வரும் சந்தானம் அங்கிள் கதிரைக் கண்டால் தோளில் கை போட்டுக்கொண்டு வருமான வரிச் சந்தேகமெல்லாம் கேட்பார். இன்று கதிர், "ஹேப்பி நியூ இயர் அங்கிள்" என்று கையை நீட்டினான். அவர் செருப்பைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிரசாதம் வாங்குகிற வரிசையிலும் அவனைச் சுற்றி ஓர் இடைவெளி.

ச்சீ, என்ன பொம்பள நான்! ஒரு மேட்சுக்காக இவன் பேரை ஊரே நாறடிக்குது, நான் பாத்துக்கிட்டு நிக்கறேன். ஃபைனலாவது ஒண்ணாவது. போதும்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அத்தை அறைக்குப் போனேன். கட்டில்மேல் இரண்டு பெட்டிகள் திறந்திருந்தன. ஒன்றில் அவருடைய சேலைகள். இன்னொன்றில் என் துணிகள், மடித்து அடுக்கியிருந்தது.

"கதவச் சாத்து கண்ணு" என்றார். "உன்ற பாஸ்போர்ட்ட எடுத்து வெச்சுக்க. நாகலக்ஷ்மியம்மா பையன் ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விடறேன்னு சொல்லியிருக்கறாரு. நானும் உங்கூட வர்றேன். உங்கம்மா வீட்டுல நாஞ்சொல்லிக்கறேன். என்ற பையன்னு பாத்துக்கிட்டு உன்னைய இங்க உட்டுப்போட்டுப் போகமாட்டேன்."

பெற்ற மகனை விட்டுவிட்டு என்னோடு கிளம்ப இந்த மனுஷி பெட்டி கட்டியிருக்கிறார். நான் அவரிடம் சொன்னது கார் கதவு, கேபினெட்.

எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. அவன் சொல்லச் சொல்லி நான் சொல்வதாக நினைத்தார். போனில் ஆஸ்டின் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"அப்ப அவன் உன்னைய அடிக்கவே இல்லியா?"

"இல்லீங்க அத்தை."

"நான் அவனுக்கு நெய் ஊத்தாம போட்டனே, அதப் பாத்துக்கிட்டேதான் இருந்தியா?"

அத்தை என் துணிகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். அப்புறம் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். கதிரின் தட்டில் நெய் ஆறாக ஓடியது. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நாற்காலிக்குப் பின்னால் நின்று அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பேசவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அத்தை இன்னும் பேசவில்லை. என் தட்டில் எல்லாம் இருக்கிறது, சூடாக இருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை. கதிர் மட்டும் கொழுத்துக்கொண்டே போகிறான். "விடு கயல், சரியாயிடும்" என்கிறான். அவனுக்கென்ன, மூன்று நெய்த் தோசை.

ஹூஸ்டனை அடித்துவிடலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தையின் மனதைத்தான் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. எனக்காக மகனையே உதறத் துணிந்தவரை முட்டாளாக்கியிருக்கிறேன். மன்னிக்காவிட்டால் என்ன செய்வேன்? ஃபைனலுக்குப் போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட நின்றுவிடுவேன். அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 26, சனி, ஹூஸ்டன், ஹோட்டல் அறை

காலையில் கிளம்பும்போது அத்தை கார் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சீட் பெல்ட் போட்டு, மடியில் கைப்பையோடு. கூப்பிட்டது யார் என்று கதிரைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கினான். நாலு மணி நேரம் ஃப்ரீவே.

ஆட்டம். கடைசி நிமிஷம் 16–14, நாங்கள் முன்னால். பந்து அவர்களிடம், எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில், அதுவும் கோல்போஸ்ட்டுக்கு நேர் எதிரே. ஒரு பெனால்டி கிடைத்தால் போதும், உதைத்து இரண்டு புள்ளி எடுத்துச் சமன் செய்துவிடுவார்கள். டெஸா பந்தோடு என்மேலேயே ஓடிவந்தாள். கணுக்காலை வாரினேன், விழுந்தாள். 'ஹெல்ட்!' அவள் எழாமல் படுத்திருந்தாள், நான் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்து. என் இரண்டு கையும் விரிந்து காற்றில் இருந்தன. ரெஃப்ரி பார்த்தார், அவளும் பார்த்தாள். அடித்துப் பிடித்து எழுந்தவள் பந்தைக் காலில் சரியாக வைக்காமல் தவறவிட்டாள். மெலே பந்தின்மேல் விழுந்தாள். விசில்.

டெக்ஸஸ் சாம்பியன்! மெலே என்னைத் தூக்கிச் சுற்றினாள். இறக்கிவிட்டபோது அத்தையைத் தேடினேன், நாற்காலியில் இல்லை.

எதிரணியின் பெஞ்சில் இருந்தார். டெஸா அங்கே கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை அவள் சட்டைக் கையை மேலே சுருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலமும் சிவப்புமாக, நாலு விரல். முதல் பாதியில் பிடித்த என் விரல்.

"ஹூ? ஹூ டிட்?" என்றார் அத்தை. டெஸா சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினாள்.

அத்தை கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்து அந்தக் கையில் மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, இப்படியா புடிப்பே? யாரு வீட்டுப் புள்ளையோ, உங்கைய ஒடிச்சாத்தான் சரியா வரும்!"

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு முழுத் திட்டு. நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன். கதிர் ஜெயித்ததற்கு அழுகிறேன் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

வீட்டிலிருந்து வேலை. காலையிலிருந்து அத்தை போனில் இருக்கிறார். முதலில் நாகலக்ஷ்மி ஆன்ட்டி, அப்புறம் சந்தானம் அங்கிள் வீடு, அப்புறம் கோயிலில் பழக்கமான எல்லோரும்.

"இல்லீங்க, என்ற பையன் பாவமுங்க, ஒண்ணும் பண்ணலீங்க. இவதானுங்க. ஹூஸ்டன் வரைக்கும் போயி, ஆளுக்கு ஆறடி இருக்கற புள்ளைகளையெல்லாம் அடிச்சுப்போட்டு வந்திருக்கறா. பத்துப் பேருங்க!"

முதல் போனில் மூன்று பேராக இருந்தது. நான் திருத்தப் போகவில்லை.