தார்ப்பாய் போட்டு மூடிய வெங்காயம்

வெங்காயப் பட்டறைக்குள் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. மூங்கில் தட்டி கட்டி, ஐப்பசி நடவுக்காகக் குவித்து வைத்திருந்த விதை வெங்காயம் அத்தனையும் நனைந்தது. நான்காம் நாள் அழுகல் வாடை பாடாலூர் ரோடு வரைக்கும் வந்தது. அந்த வாடையில்தான் உன் ஞாபகம் வந்தது மாப்ள. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

நாம் பங்கு சேர்ந்த முதல் வருஷமும் இதே கதை. நனைந்த குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிய மடையன் நான். இரண்டு நாள் திறக்கவே இல்லை. என்ன கண்ணில் படுமோ என்று பயம். நீ வந்து ஒரே இழுப்பில் உருவி எறிந்தாய். உள்ளேயிருந்து ஆவி பறந்தது.

"மூடி வெச்சுட்டு சாமி கும்பிட்டா பொழச்சுக்குமா மச்சான்? உக்காரு. கெட்டதைத் தூக்கிப் போடு. நாளைக்கும் வா."

அவ்வளவுதான். தினமும் விடிந்ததும் குந்தி, கெட்டதைப் பொறுக்கி எறிந்து, நல்லதைக் காற்றில் பரப்பினோம். அடுத்தவன் காட்டில் வெங்காயம் பிடுங்கியவர்களின் பிள்ளைகள் நாம். குந்துவதற்கு யார் சொல்லித் தரவேண்டும்?

பிறகு உன் கிட்னி போனது. வாரம் மூன்று நாள் பெரம்பலூரில் டயாலிசிஸ், மீதி நாள் பட்டறை. வீட்டில் படு என்றால், "படுத்தா மட்டும் புதுசு மொளைக்குமா?" என்பாய். நீ பிழைக்கவில்லை. அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கூட நோய்க்குச் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை நீ.

இந்த முறை தரகன் வந்து நின்றான். "நனைஞ்ச சரக்குண்ணே. கிலோ எட்டு ரூபான்னா மொத்தமா அள்ளிக்கிறேன். நாளைக்கு அதுவும் கெடைக்காது." இரண்டு வீட்டு நகையும் அடகுக்குப் போய் அந்தக் குவியலில்தான் கிடந்தது. பொய் சொல்வானேன், தலையாட்டப் பார்த்தேன். அப்போது உன் சம்சாரம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து குந்தியது.

"என்னண்ணே பார்க்கிறீங்க? உங்க மாப்ள இருந்தா இந்நேரம் ஒரு சாக்கு முடிஞ்சிருக்கும்."

தரகனிடமும் சொன்னது: "நாளைக்கு வாங்க தம்பி. நாளன்னைக்கும் வாங்க. நாங்க இங்கதான் இருப்போம்."

பதினோரு நாள் குந்தினோம். பாதி குப்பைக்குப் போனது. மிச்சம் அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி. பூலாம்பாடிக்காரர்கள் விதைக்குக் கேட்டு வந்தார்கள். தங்கச்சி ஒரு ரூபாய் இறங்கவில்லை.

கிலோ நாற்பத்தெட்டு. எடை நம்ம தராசில். ரொக்கம். பங்கு பழையபடி சரிபாதி.