எங்கள் வீடு நீங்கலாக

இஞ்சேருங்கோ,

நான் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று என் பெயரில் பிலடெல்பியாவுக்கு எழுதியது நீங்கள்தான். அமெரிக்க வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான அந்தக் கோடைப் பயிற்சியில் நம் இருவருக்குமே இடம் கிடைத்தது. கேட்டால், "நீர் வந்தால் பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்கிறீர்கள். நீங்கள் போனால் மட்டும் பிள்ளை தானாக வளரும் போலிருக்கிறது.

இந்த இலட்சணத்தில், அங்கே நீங்கள் அதிகாரப் பிரிவினை பற்றிப் பேசப்போகும் உரையை என்னிடமே திருத்தத் தந்தீர்கள். திருத்திவிட்டேன். "ஒருவரே எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது" என்ற வரிக்குப் பின்னால் "ரெக்ஸ்டேலில் எங்கள் வீடு நீங்கலாக" என்று சேர்த்திருக்கிறேன். உங்கள் அம்மா வாசித்துவிட்டு, "ஓம் பிள்ளை, உது சரி" என்றார்.

இன்றைக்கே பிலடெல்பியாவுக்கு மறுபடி எழுதுங்கள்: "மனைவி வாறா, பிள்ளையோடை நான் நிக்கிறன்."

இந்த வீட்டின் மற்ற அதிகாரம்