ஆறு தலைவர்களுக்கு அடியில் ஸ்டாங்காவின் தாள்

அக்டோபர் 13

விறகு ஈரம். ஊர் அலுவலகம் முழுக்கப் புகை. இங்கே அடுப்பு மூட்டுவது என் வேலை; அதோடு மல்லுக்கட்டும்போதே கான்ச்சோ வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "ஸ்லாட்கா, கெடச்சுதா?" தினமும் இதே கேள்வி.

அவன் பெண்டாட்டி, என் சிநேகிதி ஸ்டாங்கா, செப்டம்பரில் போய்ச் சேர்ந்தாள். கல்லறையில் படையல் வைக்கும் இறந்தோர் சனிக்கிழமைக்குள் கல் நட வேண்டும். கல்லில் இரண்டு படம் பொறிக்க வேண்டும். ஒன்று போனவளுக்கு, இன்னொன்று பக்கத்தில் படுக்கப்போகிறவருக்கு. உயிரோடிருப்பவர் என்றால் சாகும் வருடத்துக்கு இடம் விட்டுவிடுவோம். என் சித்தப்பா தன் படத்தைப் பார்க்கவே வாராவாரம் கல்லறைக்குப் போவார், மீசை நன்றாக வந்திருக்கிறது என்று. அது கிடக்கட்டும்.

ஸ்டாங்கா பக்கத்தில் யார்? கான்ச்சோ இருபத்தைந்து வருடப் புருஷன். அதற்கு முந்தின புருஷன் டிமோ, கல்லறையில் அந்த இடத்தைப் பிடித்துவைத்ததே தான்தான் என்கிறான். அவள் என்றோ காய்ச்சலில் கிடந்தபோது, யார் என்று ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாள். தாளைப் படமெடுத்துக் கணினிக்குள் போட்டிருக்கிறது. திரையில் தாளின் தலைப்பு தெரிகிறது. தட்டினால் திறப்பதில்லை.

அக்டோபர் 14

அசல் தாளை இந்த அடுப்பில் போட்டது நான். யாரும் இன்னும் கேட்கவில்லை.

அக்டோபர் 16

தலைவர் கிரோ கணினியைத் திட்டினார், அணைத்தார், போட்டார். பாதிரியாரைக் கூப்பிடலாமா என்றும் கேட்டார். கடைசியில் பட்டணத்திலிருந்து ஆளை வரச்சொன்னார்.

அக்டோபர் 20

யோவானா வந்தாள். முப்பது வயதிருக்கும், ஊதா முடி. பார்த்துவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தாள்.

எங்கள் ஊர் வழக்கம் இது. புதுத் தலைவர் வந்தால் கணினியில் தன் பெயரில் ஒரு பெட்டி செய்வார். பட்டம், அப்பா பெயர், குடும்பப் பெயர், ஆண்ட வருடம், எல்லாம் சேர்த்து. முந்தினவர் பெட்டியை அப்படியே அதற்குள் வைத்துவிடுவார். எதையும் அழிப்பதில்லை, மரியாதைக்குறைவு. இப்படி ஆறு தலைவர். ஸ்டாங்காவின் தாள் ஆறுபேருக்கும் அடியில்.

"அக்கா, இந்தக் கணினி வாசல்லேருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் எல்லாப் பேரையும் ஒரே மூச்சுல சொல்லியாகணும்," என்றாள். "இருநூத்து அறுபது எழுத்துக்கு மேல அதுக்கு மூச்சு கெடையாது. இங்க முந்நூத்துப் பத்து இருக்கு."

"அப்புறம் எப்படி உள்ள போச்சு?"

"உள்ள போறப்போ பாதை சின்னதுதான். அப்புறம் நீங்க வெளியே வெளியே போத்திக்கிட்டே வந்துட்டீங்க."

மருந்தும் சொன்னாள். நாலு பெயரைக் குறைத்தால் போதும், திறந்துவிடும். ஒரு நிமிட வேலை.

அக்டோபர் 21

ஒரு நிமிட வேலைக்கு ஊர்க் கூட்டம். மூன்று மணி நேரம்.

யார் பெயரைக் குறைப்பது? செத்துப்போன தலைவரின் பெண்டாட்டி நேடா கைத்தடியோடு எழுந்தாள். "எம் புருஷன் பொறியாளர். அந்த வார்த்தைய எடுத்தீங்கன்னா அலுவலகத்துலயே வந்து படுத்துக்குவேன்."

"அவரு போட்ட பாலம் மூணாம் மாசமே படுத்துக்கிச்சே," என்றான் டிமோ.

"உன் பெண்டாட்டி உன்ன விட்டு ஓடினாளே, அத விடவா?"

கிரோ தன் பெயரைக் குறைக்க முன்வருவார் என்று பார்த்தேன். மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கச் சொன்னார்கள். கான்ச்சோவின் கை மட்டும் மேலே போனது. அவன் தலைவராக இருந்ததே இல்லை.

அக்டோபர் 23

கான்ச்சோ இன்று பெஞ்சில் இல்லை. வீட்டுக்குப் பீன்ஸ் சூப் கொண்டுபோனேன். தொடவில்லை. "கல்லுல டிமோ மூஞ்சி வந்துச்சுன்னா, வருஷா வருஷம் கல்லுல ஒயின் ஊத்துறப்போ அவனுக்கும் சேத்துல்ல நான் ஊத்தணும்," என்றான்.

சொல்லிவிட்டேன். "நாந்தான் எரிச்சேன் கான்ச்சோ. எல்லாம் கணினிக்குள்ள வந்தாச்சு, பழையத எரின்னு அப்போ இருந்த தலைவரு சொன்னாரு. அவரு படமெடுத்துட்டு மடிச்சுக் குடுத்தத அப்படியே போட்டேன்."

சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். "நல்லா எரிஞ்சுதா?" என்றான்.

இதென்ன கேள்வி? ஒரு வரி, ஒரே ஒரு வரி பிரிச்சுப் பாத்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும் — நாலாங்கிளாஸ் படிச்சவதானே நான், வாசிக்கத் தெரியுமே —

அக்டோபர் 24

யோவானாவுக்கு நானே போன் போட்டேன். யார் பெயரிலும் கை வைக்காமல் உள்ளே போக வழி இல்லையா? இருந்தது.

அக்டோபர் 27

"பாதி வழியில ஒரு வாசல் வெட்டலாம்க்கா," என்றாள். மூன்றாவது தலைவரின் பெட்டிக்கு ஒற்றை எழுத்தில் ஒரு செல்லப்பெயர் வைத்தாள். இனிக் கணினி அந்த எழுத்திலிருந்தே மூச்சுப்பிடிக்கத் தொடங்குமாம். மேலே இருக்கிற மூன்று பேரையும் அது சொல்ல வேண்டியதில்லை; ஆறு பேரும் முழுப் பட்டத்தோடு அப்படியே இருப்பார்கள். நேடா எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே விட்டாள்.

தட்டினாள். திறந்தது.

ஸ்டாங்காவின் கோணல் கையெழுத்து. கிரோ உரக்கப் படித்தார்:

"எனக்குப் பக்கத்துல ஸ்லாட்காவைப் போடுங்க. டிமோ பேசவே மாட்டான். கான்ச்சோ படுத்ததும் தூங்கிடுவான். அங்க பொழுது போகணும்."

டிமோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். கான்ச்சோ திரையையே பார்த்திருந்தான். "அவ சொன்னது நெசந்தான்," என்றான். "படுத்ததும் தூங்கிடுவேன்."

அக்டோபர் 30

கான்ச்சோ பெஞ்சுப் பக்கமே வரவில்லை. நானும் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

நவம்பர் 1

இறந்தோர் சனிக்கிழமை. கல் நட்டாயிற்று. என் படம் சுமார்தான், கன்னம் உப்பியிருக்கிறது. கல்லில் ஒயின் ஊற்றிவிட்டு, அவித்த கோதுமையை எல்லாருக்கும் கொடுத்தேன். கடைசியாகக் கான்ச்சோ வந்து கையை நீட்டினான். மென்றுகொண்டே கல்லைச் சுற்றிவந்தான்.

"ஸ்லாட்கா, நீ முன்னாடி போயிட்டன்னா அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்றேன்."

"கூரை ஒழுகுறத சரி பண்ணிட்டேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். போனவன் கல்லறை வாசலிலிருந்து திரும்பி வந்தான். ஆடு இரண்டு குட்டி போட்டதையும் சொல்ல வேண்டுமாம். பிறகு மிளகாய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று கேட்க வேண்டுமாம். மறந்துபோகும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்: கூரை, குட்டி, உப்பு.