முதல் குண்டு

3 மே 1966
செகந்திராபாத்தில் திருமுல்கேரிக்கு அப்பால் சுடுதளம். நிழலே கிடையாது. தொழிற்சாலைக் காவல் படைக்கு எடுத்த இருபத்திரண்டு பேருக்கு மூன்று வாரப் பயிற்சி. தேறினால்தான் வேலை. பயிற்சி தரும் உஸ்தாத் அய்யாக்கண்ணு பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், ஆற்காட்டுப் பக்கம். என்னை சிலாஸ் என்று கூப்பிடவில்லை. "செகந்திராபாத் துரை."

5 மே
புழுதிக் காற்று. துப்பாக்கிக்கு எண்ணெய் தடவினால் மண் ஒட்டுகிறது, தடவாவிட்டால் துரு. இரண்டுக்கும் அடி.

6 மே
என்னோடு பயிற்சியில் இருக்கும் பெருமாளின் துப்பாக்கியில் மண் ஏறி போல்ட் சிக்கியது. உஸ்தாத் தன் துப்பாக்கியில் பத்துக் குண்டு அடுத்தடுத்துச் சுட்டார். சுட்ட கையோடு குழலைப் பெருமாளின் வலது கன்னத்தில் வைத்து அழுத்தினார். தோல் குழலோடு வந்தது.

"உங்க தெருவுல தோலுதானடா உரிப்பீங்க. துப்பாக்கி இன்னாத்துக்கு உனுக்கு?"

உஸ்தாதும் பெருமாளும் ஒரே ஊர்ப்பக்கம். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். எல்லோரும் தத்தம் துப்பாக்கியைத் துடைக்கத் தொடங்கினார்கள். நானும்.

புகார் எழுதிக் கொடு, நான் சாட்சி என்றேன் அவனிடம்.

"வாணாம்பா சிலாசு. இன்னும் பதினெட்டு நாளு. காக்கி போட்டுக்கினு எங்க தெருவுல ஒரு தபா நடக்கணும். அத்தோட சரி."

11 மே
கன்னம் சீழ் வைத்துவிட்டது. அதே கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துத்தான் குறி பார்க்க வேண்டும். குறி தவறுகிறது. தவறினால் அதே கன்னத்தில் அறை. இந்த ஆளைக் கொல்லணும். சும்மா எழுதவில்லை.

14 மே
உஸ்தாதின் துப்பாக்கியைத் துடைக்கும் முறை இன்று எனக்கு. கயிற்று நுனியில் எண்ணெய்த் துணியைக் கட்டிக் குழலுக்குள் இழுக்க வேண்டும். மக்கிப்போன துணி. பாதியில் கிழிந்து உள்ளேயே நின்றுவிட்டது. கம்பி விட்டுத் தள்ளினால் வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. கம்பியை எடுத்தேன். திரும்ப வைத்தேன். துப்பாக்கியை ரேக்கில் சாத்திவிட்டு வந்தேன்.

அடைத்த குழலில் சுட்டால் என்ன ஆகும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

15 மே
எண்ணெய் போட்ட குழலில் முதல் குண்டு குறிக்கு மேலே போகும். அதனால் அதை உஸ்தாத் சுடமாட்டார், யாரையாவது விட்டுச் சுடச் சொல்வார். பன்னிரண்டு நாளாகப் பார்த்ததுதான். நேற்று ஏன் நினைவில் இல்லை?

"டேய் பெருமாளு, வா. எண்ணெய எரிச்சிட்டுப் போ."

அவன் படுத்தான். கன்னத்தை எங்கே வைப்பது என்று மூன்று தடவை இடம் மாற்றினான். கத்த நேரம் இருந்தது — இருந்தது. கத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதைத்தான் யோசித்தேன். அதை மட்டும்தான்.

குழல் உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி விரிந்து கிடந்தது. அவன் இடது கையில் நான்கு விரல் இல்லை. ஒன்று என் பூட்ஸ் பக்கத்தில் கிடந்தது.

19 மே
விசாரணை. யார் துடைத்தது? நான். குழலுக்குள் பார்த்தாயா? "பார்த்தேன் சார். சுத்தமா இருந்துச்சு."

காற்றில் மண் அடைத்திருக்கலாம், சுடுமுன் பார்க்க வேண்டியது சுடுபவன் பொறுப்பு என்று எழுதினார்கள். பெருமாள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தாயிற்று.

22 மே
ஆஸ்பத்திரி. கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தான்.

"நீ பாத்துத்தானபா வெச்ச?"

"ஹவ்." எங்கள் ஊர் ஆமாம்.

"அப்ப என் தப்புதான். நான் பாக்கல."

9 ஜூன்
வேலை உத்தரவு வந்தது. உஸ்தாத் தோளில் தட்டினார். "துரை, அடுத்த பேட்ச்சுக்கு நீ எங்கூட இரு. ஒயுங்கா தொடைக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

சரி உஸ்தாத் என்றேன்.