காத்தாயி செய்த மூக்கு

பாபநாசம் பக்கம்,
ஆடி, வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள காத்தாயி அப்பாவுக்கு, ராசம்மாள் எழுதுவது. இங்கே நானும் நம்ம பொண்ணும் சுகம். குவைத்துல வெயில் கொஞ்சமாவது தணிஞ்சிருக்கா? வேளைக்குச் சாப்பிடுங்க.

போன்ல சொன்னா நீங்க பதறிடுவீங்கன்னுதான் எழுதுறேன். கொரோனா காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு மந்தமா இருக்குன்னு சொன்னேன்ல? மந்தம் இல்லைங்க, வாசனையே சுத்தமா தெரியல. போன வாரம் பால் தீஞ்சு கருகினது எனக்குத் தெரியவே இல்ல. பக்கத்து வீட்டு பூவம்மாள் ஓடி வந்து அடுப்பை அணைச்சா. பழகின வாசனையா தினமும் மோந்து பாருங்க, தானா திரும்பி வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை விதை நெல்லு. கோடை மழையில கூரை ஒழுகிடுச்சு. சம்பாவுக்குக் கட்டி வச்ச மூட்டை நல்லா இருக்கா, ஈரம் பட்டு முக்கிப் போச்சான்னு மோந்து பார்க்க எனக்கு மூக்கு இல்லையே! உங்க அப்பா நிலப் போராட்டத்துல கொடி பிடிச்சு, ஜெயிலுக்குப் போயி வாங்கின நிலம். அதுல கெட்ட விதையைப் போட்டு ஒரு போகம் பாழாயிட்டா ஊரு முகத்துல எப்படி முழிப்பேன்?

அப்பத்தான் உங்க பொண்ணு தஞ்சாவூர் காலேஜ்லேருந்து ஒரு பெட்டியோட வந்தா. படிப்பு முடிக்க அவளே செஞ்சதாம். டிபன் டப்பா அளவுதான் இருக்கு. உள்ளே காத்தை இழுத்து மோந்து பார்த்து, நெல்லு நல்லதா கெட்டதான்னு எழுத்துல காட்டுது. ஆத்தாடி, பெத்த வயிறு குளுந்து போச்சுங்க!

ஆனா அந்தப் பெட்டி எல்லா மூட்டையையும் கெட்டதுன்னுடுச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு, பெட்டியைத் தூக்கி வாய்க்கால்ல போடுன்னு கத்திட்டேன். அவ அசரவே இல்ல. மூட்டைக்குள்ள கையை விட்டுத் துழாவினா, நொச்சி இலை வந்துச்சு. பூச்சி வராம இருக்க நான் போட்டதுதான். காலேஜ்ல நொச்சி ஏது? பெட்டி அதைக் கண்டதே இல்லையாம், அந்த வாசனையைத்தான் கெட்டதுன்னு நினைச்சுக்கிச்சாம். நம்ம வீட்டுல பொறந்துட்டு இதை மறந்துட்டேனேம்மான்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. வேலியில இலையைப் பறிச்சு, திரும்பத் திரும்பக் காட்டி, இதுக்குப் பேரு நொச்சின்னு பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தா. புள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிற மாதிரிதான் இருந்துச்சு.

மறுபடி வச்சப்போ, சுவர் ஓரத்து மூட்டை ஒண்ணு மட்டும்தான் கெட்டதுன்னு வந்துச்சு. அவிழ்த்துப் பார்த்தா அடியில கருத்துக் கட்டிக் கட்டியா கிடக்கு. பூவம்மாள் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டா. மத்த மூட்டையிலேருந்து பிடி பிடியா எடுத்து முளை கட்டினோம். அத்தனையும் முளைச்சிருக்கு. நம்ம பொண்ணு கெட்டிக்காரிங்க, உங்க அம்மா பேரை வச்சதுக்கு அந்தப் பேரைக் காப்பாத்திட்டா.

இன்னொண்ணு, சிரிக்கக் கூடாது. நீங்க குவைத்துக்குக் கிளம்பின அன்னைக்குக் கழட்டிப் போட்ட சட்டையை நான் இன்னும் துவைக்கல. டாக்டர் சொன்னதுக்குத் தினமும் அதைத்தான் மோந்து பார்க்கிறேன். ஒண்ணும் தெரியல. காத்தாயிகிட்ட குடுத்துப் பெட்டியில வைக்கச் சொன்னேன். தெரியாத வாசனைன்னு காட்டுச்சு. கோவிச்சுக்காதம்மா, அப்பா நேர்ல வந்தா பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்துடலாம்னா.

காளியாத்தா உங்களைச் சேதாரம் இல்லாம கொண்டாந்து சேர்க்கட்டும். நடவுக்காவது லீவு கேளுங்க. பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்கணும். எனக்கும்தாங்க.

உங்கள்,
ராசம்மாள்